பாரமான ஐதரசன்

1931ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஹரல்ட் யூரி, திரவ ஐதரசன் ஆவியாகி எஞ்சிய பகுதியின் நிறமாலையை ஆராய்ந்தார். வழக்கமான கோட்டின் அருகே மங்கலான வேறொரு கோடு தோன்றிற்று. அஃது இருமடங்கு பாரமுள்ள ஐதரசனுக்குரியது.

அதன் பாரத்துக்குக் காரணம் யாது? 1932இல் சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்த பின்னரே விடை தெளிவாயிற்று. அணுவின் கருவிலுள்ள புரோத்தன்களின் தொகை அணுவெண். அவற்றோடு நியூத்திரன்களையும் கூட்டினால் வருவது திணிவெண். ஐதரசன் அணுக்கள் யாவற்றுக்கும் அணுவெண் 1. திணிவெண்ணோ சாதாரண ஐதரசனுக்கு 1, தியூத்தேரியத்துக்கு 2, திரித்தியத்துக்கு 3. இவையே சமதானிகள்.

தியூத்தேரியத்தில் மிகுந்திருப்பது ஒரேயொரு நியூத்திரன். ஆயினும் அதன்பொருட்டு உயிர்களும் பலியாயின. தியூத்தேரியம் கொண்ட பாரநீரை நாசி ஜேர்மனி தன் அணு ஆராய்ச்சிக்கு நாடியது. ஆகவே 1943 பெப்ரவரியில் நோர்வே வீரர் வேமோர்க் ஆலையின் பாரநீர்க் கலங்களைத் தகர்த்தனர். மறு ஆண்டு அந்நீரை ஏற்றிச்சென்ற படகையும் மூழ்கடித்தனர். அதில் பயணஞ்செய்த நோர்வேப் பொதுமக்களும் மாண்டனர்.