இரண்டிலும் இல்லாத மின்னோட்டம்

புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கையில் ‘பூங்கொடி’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவது என் வழக்கம். ‘பூ’விலும் ‘கொடி’யிலும் இல்லாத ஙகர மெய், இரண்டும் கூடுமிடத்தில் தோன்றுகிறது. ஓய்வுபெற்றபின் இயற்பியல் வரலாறு படிக்கப் புகுந்தபோது இதற்கோர் இணையைக் கண்டேன்.

2004 சனவரியில் அகிரா ஓத்தோமோ, ஹரோல்டு ஹுவாங் ஆகிய இருவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டும் லாந்தனம் அலுமினேட்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை, காந்தங்களும் அல்ல. முன்னதில் உள்ள டைட்டானியம் ஓர் இடைநிலை உலோகம். முன்னதன்மீது பின்னதை அணு அடுக்குகளாகப் படியவைத்தபோது, இரண்டும் சந்திக்கும் இடைப்பரப்பில் மின்னோட்டம் பாய்ந்தது. (கணினியாளர் வழங்கும் ‘இடைமுகம்’ என்னும் சொல் இங்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.) கீழ்ப்படிகம் டைட்டானியம் ஆக்சைடு அடுக்கில் முடிந்து, மேற்படிகம் லாந்தனம் ஆக்சைடு அடுக்கில் தொடங்கியபோதே இது நிகழ்ந்தது. ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு அடுக்கில் முடிந்தபோது நிகழவில்லை. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் நோக்கியே விதி கூறும் நமக்கு இது புதிதன்று.

எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன? லாந்தனம் அலுமினேட்டின் அடுக்குகள் நேர், எதிர் மின்னேற்றங்களை மாறிமாறிக் கொண்டவை. அடுக்குகள் உயர உயர மின்னழுத்தமும் ஏறும். அதனைத் தணிக்கவே எலக்ட்ரான்கள் இடைப்பரப்பிற்கு இறங்குகின்றன என்றனர் ஒரு சாரார். ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்த்தமையால் படிகத்தில் சில ஆக்சிஜன் அணுக்கள் விடுபட்டன, அவை விட்டுச்சென்ற எலக்ட்ரான்களே இவை என்றனர் மற்றொரு சாரார். இவர்கள் கூற்றே முழுதும் உண்மையாயின், கண்டது இடைப்பரப்பின் இயல்பன்று, தயாரிப்பின் குறையே.

2006இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் குழுவினர் படலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்த்தனர். படிகத்தின் மிகச்சிறிய கட்டமைப்பு அலகு மூன்று அடுக்கப்படும்வரை மின்சாரம் பாயவில்லை. நான்காவது சேர்ந்ததும் பாய்ந்தது. முதற்சாராரின் கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆயினும் வழக்கு முடியவில்லை.

2007இல் அதே இடைப்பரப்பு, தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ 0.2 கெல்வினில் மீக்கடத்தியானது. அவ்வாண்டே நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகத்தார், ஆக்சிஜன் மிகுந்த சூழலில் வளர்த்த படலங்களில் காந்த விளைவுகளைக் கண்டனர். மீக்கடத்தலும் காந்தமும் பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுக்காதவை.

2011இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரியாண்டோ, வெங்கடேசன் முதலியோர் இதற்கொரு விளக்கம் தந்தனர்: எலக்ட்ரான்கள் ஒரே இடைப்பரப்பில் வெவ்வேறு பகுதிகளாகப் பிரிகின்றன, அவற்றுள் ஒன்று அறை வெப்பநிலையிலும் காந்தமாகவே நிற்கிறது. அதே ஆண்டு நியூட்ரான் கற்றையால் அளந்த வேறொரு குழுவினரோ, தம் கருவியின் நுட்பத்திற்கு எட்டியவரை காந்தம் காணவில்லை.