ஊர் திரும்பினோர் கணக்கு

"ஊருக்குப் போதல்" என்னும் சொல்லைப்போல் நம்மவர் நாவில் இனித்த சொல் பிறிதொன்றில்லை. பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தும், ஈப்போ நகரில் வீடு வாங்கிக் குடியேறியும், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரையே நம் முதியோர் பலர் "ஊர்" என்று வழங்கி வந்தனர். அச்சொல் பாசத்திற் பிறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதே சொல்லைப் பிறர் கையில் எடுத்து நம்மவர்மீது பிரயோகித்த காலமும் உண்டு. அவ்வரலாற்றை நம் இளைஞர் அறிதல் அவசியம்.

திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் வாயிலாக நம் முன்னோர் திரட்டப்பட்டனர். நாகப்பட்டினம், ஆவடி ஆகிய இடங்களிலிருந்த டிப்போக்களில் தங்கி, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து தோட்டந்தோறும் பங்கிடப்பட்டனர். கப்பற் கூலியைக் கொடுத்தது 1907-ல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியாகும். தோட்ட முதலாளிமார் தாம் வைத்திருந்த ஆட்கணக்குப்படி அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். இலவசப் பிரயாணம் என்று நம்மவர் மகிழ்ந்தனர். ஆனால், வரவழைப்பதற்குப் பணம் வைத்திருப்பவன் திருப்பி அனுப்புவதற்கும் பணம் வைத்திருப்பான் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் எத்துணைப்பேர்?

1925-ல் ஒரு பவுண்டு ரப்பர் இலண்டன் சந்தையில் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932-ல் அதே ரப்பர் இரண்டு பென்ஸ் அளவுக்கு வீழ்ந்தது. உலகம் முழுவதையும் வாட்டிய அப்பொருளாதார மந்தம் பேராக்கில் ரப்பரையும் ஈயத்தையும் ஒருங்கே அடித்தது. ஆடவர்க்கு 50 காசும் மகளிர்க்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 1930-ல் முறையே 40, 32 காசாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அதனினும் தாழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. இங்கிருந்தோர் திருப்பி அனுப்பப்படலாயினர். 1930 முதல் 1932 வரை மூன்றே ஆண்டுகளில் 1,75,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு தென்னிந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவில் வாழ்ந்த இந்தியர் ஏறக்குறைய 6,20,000 பேரே என்பதை நோக்கினால், இவ்வெண்ணிக்கையின் கனம் விளங்கும்.

தோட்டக் கணக்கு எழுதும் கிராணித் தொழிலுடைய நமக்கு இதன் உட்பொருள் எளிதிற் புலப்படுகின்றது. செக்ரோலில் ஒருவன் பெயர் நிற்கும்வரை அவனுக்குக் கூலி உண்டு. லயத்தில் அறையும் உண்டு. பெயர் அடிபட்ட அன்றே இரண்டும் போயின. வேலை, வீடு, மருந்து, குழந்தைகளின் பள்ளிக்கூடம் யாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தமையால், அக்கயிற்றை அறுப்பது மிக எளிதாயிற்று. வேலையற்றோரை இங்கே வைத்துச் சோறு போடுவதினும் கப்பலேற்றி விடுவது செலவு குறைந்த காரியம். அக்காரியத்திற்கு "தாய்நாடு திரும்புதல்" என்னும் அழகிய பெயர் வாய்த்தது. இங்கேயே பிறந்து, நாகப்பட்டினத்தைக் கண்ணாலும் கண்டறியாத குழந்தைகளும் பெற்றோருடன் "திரும்பினார்கள்". கண்டறியாத இடத்திற்கு ஒரு குழந்தை திரும்புவது எங்ஙனம்?

சரி, ஊரில் அவர்களை எதிர்கொண்டது யாது? மந்தம் அங்கும் பரவி நெல் விலையை வீழ்த்தியிருந்தது. விட்டுவந்த நாளில் நிலமில்லாதவனுக்குத் திரும்பிய நாளிலும் நிலமில்லை. கடன் கொடுத்தவன் மட்டும் மறவாமல் காத்திருந்தான். போனவர்களுள் பலர் ஆதிதிராவிடர். தோட்டத்திலும் சாதி ஒழிந்ததென்று நாம் சொல்லோம். சாதிக்கொரு லயம் இங்கும் இருந்ததுண்டு. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டிற் சீர்திருத்தம் பேசவேண்டியிருந்ததும் அதனாலன்றோ! எனினும், கூலியைக் காசாக எண்ணி வாங்கிப் பழகியவன், சேரியிலே மீண்டும் பண்ணையாள் என்று கைகட்டி நிற்பது எளிதா? 1934 மே மாதத்தில் ஆள்சேர்ப்பு மறுபடி தொடங்கியபோது, முன்பு அனுப்பப்பட்டோருள்ளும் பலர் மீண்டும் டிப்போ வாயிலில் வந்து நின்றனர். அவர்கள் ஊரை விட்டுப் போனார்களா, ஊருக்குத் திரும்பினார்களா? இதற்கு விடை கூறும் ஏடு எந்தக் கந்தோரிலும் இல்லை.

நிற்க. அத்துடன் கதை முடியவில்லை. 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தனர். பிறகு யுத்தம் வந்தது. 1957-ல் சுதந்திரமும் வந்தது. அப்போது குடியுரிமைக்கு எழுதிக்கொடாமல், "நாம்தான் ஊருக்குப் போகிறவர்களாயிற்றே" என்றிருந்தோர் தோட்டங்களில் ஏராளம். எழுத்தறியாமையும், காட்டவேண்டிய பத்திரமின்மையும், எடுத்துச் சொல்வாரின்மையும் கூடின. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1969-க்குப் பின் குடியுரிமையில்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பல்லாயிரவர் மீண்டும் பினாங்குத் துறைமுகத்தை நோக்கினர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நெடுங்காலம் ஓடிய "ரஜுலா" கப்பல் அவர்களையும் சுமந்தது. அண்டை நாட்டிலும் இதே கணக்குத்தான். 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஊர் திரும்புதல் ஒன்றையும் இம்மாநிலம் கண்டது. சுங்கை சிப்புட்டில் 1919-ல் பிறந்த வீ.தி.சம்பந்தன், கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்று, தாம் பிறந்த சுங்கை சிப்புட்டுக்கே திரும்பினார். அவருக்கு ஊர் என்பது இக்கரை. சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்து நின்றனர். அதுகண்டு 1960-ல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால் வெட்டுவோர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தாமே தோட்டத்தின் பங்காளிகளாயினர். காலடியில் நிலமும் கையிற் பத்திரமும் இல்லாதவனுக்கு ஊர் என்பது பிறர் வாயிலுள்ள சொல். அவை இருந்தாலன்றி அவனுக்கு ஊர் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இன்று பால்மரங்கள் இருந்த இடங்களிற் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. நம்மவர் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். தோட்டக் கணக்கேடுகளில் நாம் இப்போது எழுதும் பெயர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் ஆவர். "இவர்களுக்கென்ன, வேலை முடிந்தால் அவர்கள் ஊர் இருக்கிறது" என்று நம்மவரே கூசாமற் பேசக் கேட்கின்றோம். 1930-ல் நம் பாட்டனாரைக் கப்பலேற்றிய வாக்கியம் இதுவேயன்றோ! அன்று நமக்கு அநீதியாகப்பட்டது இன்று அவர்களுக்கு மட்டும் நீதியாகிவிடுமா?

ஆதலின் நாம் வேண்டுவது இரண்டு. நம்முள் இன்னும் பத்திரமின்றித் தவிப்போர் இருப்பின், அவர்க்கு எழுதவும் வழக்காடவும் கற்றோர் முன்வரல் வேண்டும். நம் பக்கத்தில் உழைக்கும் அயலானை, அனுப்பப்படவேண்டியவன் என்று எண்ணாது, கூலியும் கூரையும் மதிப்பும் பெறவேண்டிய மனிதன் என்று எண்ணப் பழகல் வேண்டும். போவதா, இருப்பதா என்பதை உழைப்பவனே தீர்மானிக்கும் நாள் வருமாயின், அன்றுதான் "ஊருக்குப் போதல்" என்னும் சொல் மெய்யாகவே இனிக்கும்.