ஜக்கு எது, பானை எது? ஓட்டு மெஷின் முன்னால் உங்கள் கண் செய்யும் வேலை

காரைக்காலில் ஒரு சுவரில் ஜக்கு வரைந்திருந்தால் அது எந்தக் கட்சி என்று சின்னப் பிள்ளைகூட சொல்லிவிடும். 2011-ல் ரங்கசாமி தொடங்கிய என்.ஆர். காங்கிரஸ். அதே படத்தை வாஞ்சூர் தாண்டி நாகூர் பக்கம் கொண்டுபோனால்? வெறும் தண்ணி ஜக்குதான். மாநிலக் கட்சிக்கு அந்தந்த மாநிலத்தில் மட்டுமே சின்னம் ஒதுக்கப்படும். அந்தக் கட்சியின் ஜக்குக்கு எல்லை புதுச்சேரி யூனியன் பிரதேசம். அந்தப் பக்கம் பாத்திரம் என்றால் விசிக-வின் பானை.

பானைக்கும் ஜக்குக்கும் என்ன வித்தியாசம்? சமையலறையில் நிறைய. ஓட்டு மெஷினில், கறுப்புக் கோட்டில், கட்டைவிரல் அளவில் பார்த்தால் ஒரு கைப்பிடி, ஒரு மூக்கு. அவ்வளவுதான்.

லோகோ என்றதும் நமக்கு ஆப்பிளும் ஸ்டார்பக்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் நம்பிப் பயன்படுத்தும் லோகோ என்றால் அது தேர்தல் சின்னம்தான். தப்பாகப் பார்த்தால் நஷ்டம் ஒரு ஓட்டு.

கண் எதைப் பிடித்துக்கொள்கிறது?

ஜெர்மனியில் மேக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் 1923-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புள்ளிகளையும் கோடுகளையும் நாம் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, கூட்டாகச் சேர்த்து ஒரு உருவமாகவே பார்க்கிறோம் என்பது அதன் சாரம். இந்தச் சிந்தனைக்கு கெஸ்டால்ட் என்று பெயர். பக்கத்தில் இருப்பவை ஒரு குழுவாகத் தெரியும், ஒரே மாதிரி இருப்பவை சேர்ந்து தெரியும், விட்டுப்போன இடத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

உதயசூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மலை, நடுவில் அரை வட்டம், சில கதிர்கள். வரைந்திருப்பது பாதி சூரியன்தான். மீதி மலைக்குப் பின்னால் இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, மூளை தானே முடித்துக்கொள்கிறது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அதிமுகவுக்கு வந்த இரட்டை இலை வேறு வழியில் வேலை செய்கிறது. இடமும் வலமும் ஒத்துப்போகிற வடிவம் கண்ணுக்குச் சட்டென்று ஒரே பொருளாகத் தெரியும். இரண்டு விரலை நீட்டினால் போதும், சின்னம் வந்துவிட்டது. பிரசார வேனில் நிற்பவருக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

ஒரு ஓவியர், ஒரு பென்சில்

இந்தச் சின்னங்களில் பெரும்பாலானவை எம்.எஸ்.சேத்தி என்ற ஒரே ஓவியரின் கையில் பிறந்தவை. 1950-ல் தேர்தல் ஆணையத்தில் சேர்ந்து 1992-ல் ஓய்வு பெற்றவர். அதிகாரிகள் உட்கார்ந்து வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பொருட்களை யோசித்துச் சொல்வார்கள், இவர் பென்சிலில் வரைவார். சைக்கிள், பிரஷ், மேஜை, சீப்பு. எல்லாமே பக்கவாட்டிலிருந்தோ நேராகவோ பார்க்கும் கோணத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறீங்களா? சைக்கிளை மேலிருந்து வரைந்தால் ஒரு குச்சி மாதிரி தெரியும். பொருளை அதிகம் காட்டிக்கொடுக்கும் கோணத்தில்தான் கண் வேகமாக அடையாளம் காணும்.

கம்பெனி லோகோக்கள் காலப்போக்கில் இளைத்துக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீங்க. உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா 1961-ல் முடி முடியாக இருந்தது. இன்று சில கறுப்புத் திட்டுகள்தான், முதுகுக்கும் தலைக்கும் கோடே இல்லை. ஆனாலும் முழு பாண்டா தெரிகிறது. கட்சிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆணையத்தின் பட்டியலில் இருக்கும் படம்தான் மெஷினில் வரும்.

காங்கிரஸ் கதையைப் பார்த்தால் லோகோ எளிமையான மாதிரியே இருக்கும். முதலில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, அப்புறம் பசுவும் கன்றும், 1980 தேர்தலில் வெறும் கை. எட்டுக் காலிலிருந்து ஐந்து விரலுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் இதை எந்த டிசைனரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. கட்சி உடைந்தது, சின்னம் போனது, புதுசு தேட வேண்டி வந்தது. தற்செயலாகக் கிடைத்தது சுவரில் வரைய எளிதாக இருந்தது.

ஒன்றுபோல் இருந்தால்?

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. தினகரனுக்குத் தொப்பி. ஓபிஎஸ் அணிக்கு இரட்டை மின்விளக்குக் கம்பம். ஒரு தண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு. எதை ஞாபகப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. பிரசாரத்தில் அதை இரட்டை இலை மாதிரியே காட்டுகிறார்கள் என்று எதிரணி ஆணையத்திடம் புகார் கொண்டுபோனது.

தெலங்கானாவில் 2019-ல் புவனகிரி மக்களவைத் தொகுதியில் கார் சின்னக் கட்சி 5,219 ஓட்டில் தோற்றது. அங்கே ரோடு ரோலர் சின்னத்தில் நின்றவருக்கு விழுந்தது 27,973. மகாராஷ்டிராவின் சதாராவில் 2024-ல் சரத் பவார் கட்சி வேட்பாளர் தோற்ற வித்தியாசம் 32,771. அவர் சின்னம் துத்தாரி ஊதும் மனிதர். ட்ரம்பெட் சின்னத்தில் நின்ற சுயேச்சை வாங்கியது 37,062. அத்தனையும் தவறி விழுந்த ஓட்டு என்று யாராலும் நிரூபிக்க முடியாது, தோற்ற கட்சிகள் அப்படித்தான் சொல்லும். ஆனால் காரும் ரோலரும் சின்ன அளவில் சக்கரத்தின் மேல் ஒரு பெட்டி. கண்புரை உள்ள பாட்டிக்கு உள்ளே இருக்கும் விவரம் தெரியாது, வெளிக்கோடுதான் தெரியும். 

ஏழு நொடி

2001 சட்டமன்றத் தேர்தலிலேயே தமிழகத்தோடு சேர்ந்து புதுச்சேரி முழுக்க ஓட்டு மெஷினுக்கு மாறிவிட்டது. காரைக்காலின் அப்போதைய ஆறு தொகுதிகளும் அதில் அடக்கம். ஒரு பெட்டியில் 16 வரிசை, சின்னத்துக்கு ஒரு சிறிய கட்டம். 2015 முதல் வேட்பாளர் படமும் வந்தது, பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க. 2025-ல் ஆணையம் இன்னும் ஒரு படி போய், படம் கலரில் இருக்க வேண்டும், அதில் முக்கால் பங்கு முகமே இருக்க வேண்டும், வரிசை எண் 30 அளவு தடித்த எழுத்தில் வர வேண்டும் என்று அறிவித்தது. கண்ணை மனதில் வைத்து எடுத்த நல்ல முடிவு. ஆனால் கலர் என்று சொன்னது புகைப்படத்தைத்தான்.

பட்டனை அழுத்தியதும் பக்கத்து விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரியும். வரிசை எண், பெயர், சின்னம். முகம் இருக்காது. ஏழு நொடியில் அறுந்து உள்ளே விழுந்துவிடும். அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் வேறு ஒன்று என்றால் உடனே வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் சொல்லலாம். எழுத்துப்பூர்வமாக உறுதி வாங்கிக்கொண்டு சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள், புகார் பொய் என்றால் தண்டனை உண்டு. ஆனால் ஜக்கு என்று நினைத்து வேறு பாத்திரத்தை நீங்களே அழுத்தியிருந்தால், சீட்டிலும் அந்தப் பாத்திரம்தான் வரும். அதை மாற்ற வழி இல்லை.