2010 அமெரிக்க அடமானப் பறிமுதல் இடைநிறுத்தம்

2010 அமெரிக்க அடமானப் பறிமுதல் இடைநிறுத்தம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் பெரிய வங்கிகள் சில, நீதிமன்றங்களில் தாங்கள் அளித்த ஆவணங்கள் முறையாகத் தயாரிக்கப்படவில்லை என்பது வெளியானதை அடுத்து, கடன் நிலுவையில் இருந்த வீடுகளைக் கைப்பற்றி விற்கும் நடவடிக்கைகளை 2010 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தற்காலிகமாக நிறுத்தி வைத்த நிகழ்வைக் குறிக்கும். ஆவணங்களைப் படிக்காமலேயே ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்ட இம்முறை 'ரோபோ கையொப்பம்' என்று அழைக்கப்பட்டது.

பின்னணி

வீட்டை அடமானமாக வைத்துப் பெற்ற கடனின் தவணைகள் செலுத்தப்படாதபோது, கடன் கொடுத்தவர் அவ்வீட்டை எடுத்து விற்றுக் கடனை ஈடு செய்வது அடமானப் பறிமுதல் ஆகும். பேச்சு வழக்கில் இதனை ஜப்தி என்பர். அமெரிக்காவில் இதற்கான சட்டம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. புளோரிடா, நியூ யார்க், நியூ ஜெர்சி, ஒகையோ உள்ளிட்ட ஏறத்தாழ 23 மாநிலங்களில் நீதிமன்றத் தீர்ப்பு பெற்ற பின்னரே வீட்டை விற்க இயலும். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் சட்டப்படி அறிவிப்பு கொடுத்துவிட்டு நேரடியாக ஏலத்தில் விற்கலாம்.

2007 இல் தொடங்கிய வீட்டுக் கடன் நெருக்கடியால் பறிமுதல்களின் எண்ணிக்கை பெருகியது. 2010 ஆம் ஆண்டில் மட்டும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளை வங்கிகள் கையகப்படுத்தின.

கடன் கைமாறிய விதம்

கடன் கொடுத்த வங்கியே அதனை இறுதிவரை வைத்திருப்பது அக்காலத்தில் அரிதாகிவிட்டது. ஆயிரக்கணக்கான கடன்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, பொறுப்பாட்சி அமைப்புகளுக்கு மாற்றப்பட்டு, அவற்றின் அடிப்படையில் முதலீட்டாளர்களுக்குப் பத்திரங்கள் விற்கப்பட்டன. இதனால் ஒரே கடனில் பலர் தொடர்புற்றனர். கடனைக் கொடுத்தவர் ஒருவர். அதன் உரிமையாளர் வேறொருவர். மாதத் தவணையை வசூலிக்கும் கடன் நிர்வாக நிறுவனம் மற்றொன்று.

ஒவ்வொரு முறை கடன் கைமாறும்போதும் கடனுறுதிச் சீட்டு மேலெழுதித் தரப்படவும், அடமான உரிமை எழுத்து மூலம் மாற்றப்படவும் வேண்டும். ஆனால் மாவட்டப் பதிவு அலுவலகங்களில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் செலவைத் தவிர்க்க, 1990களில் நிதி நிறுவனங்கள் 'மெர்ஸ்' என்னும் மின்னணுப் பதிவகத்தை உருவாக்கின. பொதுப் பதிவேட்டில் மெர்ஸ் நிறுவனத்தின் பெயர் நிலையாக இருக்க, உண்மையான கைமாற்றங்கள் அதன் கணினியில் மட்டும் குறிக்கப்பட்டன. கடன் ஒழுங்காகச் செலுத்தப்பட்டவரை இது எவருக்கும் இடையூறாக இல்லை. வழக்கு என்று வந்தபோதுதான், கடனின் உரிமையாளர் யார் என்பதை ஆவணத்தால் நிறுவுவது கடினமாயிற்று. 2007 அக்டோபரிலேயே, கிளீவ்லாந்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், வழக்குத் தொடர்ந்த நாளில் கடனின் உரிமை தன்னிடம் இருந்ததை நிறுவாத காரணத்தால், டாய்ச்சு வங்கியின் துணை நிறுவனம் ஒன்று தொடர்ந்த 14 வழக்குகளைத் தள்ளுபடி செய்தது.

ரோபோ கையொப்பம்

நீதிமன்றத்தில் பறிமுதல் ஆணை கோரும் நிறுவனம், நிலுவைத் தொகையையும் தன் உரிமையையும் உறுதி செய்யும் பிரமாணப் பத்திரம் ஒன்றை அளிக்க வேண்டும். கையொப்பமிடுபவர் அச்செய்திகளைத் தாமே சரிபார்த்து அறிந்திருக்க வேண்டும். நோட்டரி ஒருவரின் முன்னிலையில் உறுதிமொழி கூற வேண்டும். கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர் வைத்து எதிர்வாதம் செய்யாததால், சாட்சி விசாரணை இன்றி இப்பத்திரத்தைக் கொண்டே தீர்ப்பு வழங்கப்படுவது வழக்கம்.

ஜிஎம்ஏசி நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், மாதத்திற்குச் சுமார் 10,000 ஆவணங்களில் கையொப்பமிட்டதாக வழக்கு விசாரணையில் வாக்குமூலம் அளித்தார். ஒரு மாதத்தில் 22 வேலை நாட்கள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் எனக் கொண்டால், ஓர் ஆவணத்திற்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே கிடைக்கும். ஆவணங்களை முழுமையாகப் படிக்கவில்லை என்றும், கையொப்பமிடும்போது நோட்டரி உடன் இருக்கவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். மற்ற நிறுவனங்களிலும் இதே முறை இருந்தது பின்னர் தெரியவந்தது.

இடைநிறுத்தம்

2010 செப்டம்பர் 20 அன்று, ஜிஎம்ஏசி நிறுவனம் 23 மாநிலங்களில் வீடுகளைக் காலி செய்வித்தலையும் விற்பனையையும் நிறுத்தியது வெளியானது. செப்டம்பர் இறுதியில் ஜேபி மார்கன் சேஸ் வங்கி சுமார் 56,000 வழக்குகளை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 1 அன்று பாங்க் ஆஃப் அமெரிக்கா இதே 23 மாநிலங்களில் நடவடிக்கையை நிறுத்தி, அக்டோபர் 8 அன்று அதனை 50 மாநிலங்களுக்கும் விரிவாக்கியது.

மாநிலங்களுக்கிடையே நோட்டரிச் சான்றுகளை ஏற்பதை எளிதாக்கும் சட்டமுன்வரைவு ஒன்று, இம்முறைகேடுகளை மறைக்கத் துணைபோகும் என்ற அச்சம் எழுந்ததால், குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அக்டோபரில் அதில் கையொப்பமிட மறுத்தார். அக்டோபர் 13 அன்று 50 மாநிலங்களின் தலைமைச் சட்ட அலுவலர்கள் கூட்டு விசாரணையை அறிவித்தனர்.

இடைநிறுத்தம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. அக்டோபர் 18 அன்று பாங்க் ஆஃப் அமெரிக்கா, 23 மாநிலங்களில் 1,02,000 வழக்குகளின் பிரமாணப் பத்திரங்களை மாற்றி அளித்துப் பணியைத் தொடரப்போவதாக அறிவித்தது. குறை எதுவும் இல்லை என்று கூறிவந்த வெல்ஸ் ஃபார்கோ வங்கியும், அம்மாத இறுதியில் சுமார் 55,000 பத்திரங்களைத் திருத்தி அளிக்க முன்வந்தது.

இரு தரப்பு வாதங்கள்

கடன் வாங்கியவர்கள் தவணை கட்டத் தவறியது உண்மை என்றும், குறைபாடு நடைமுறை சார்ந்ததே என்றும் வங்கிகள் வாதிட்டன. காலம் தாழ்த்துவது வீட்டுச் சந்தையின் மீட்சியைத் தடுக்கும் என்றும் கூறப்பட்டது. மறுதரப்பினர், எதிர்வாதம் இல்லாத வழக்கில் பிரமாணப் பத்திரமே ஒரே சாட்சி என்பதைச் சுட்டிக்காட்டினர். கட்டணத்தைத் தவறாகக் கூட்டியதா, செலுத்திய தவணையை வரவு வைத்ததா, வழக்குத் தொடர்பவர்தான் உரிமையாளரா என்பவற்றைச் சரிபார்க்கும் வழி அது ஒன்றே. படிக்காமல் இட்ட கையொப்பம் அவ்வழியை அடைத்துவிடுகிறது என்பது அவர்களது வாதம்.

நீதிமன்றம் தேவைப்படாத மாநிலங்களிலும் ஆவணத்தின் இன்றியமையாமை உறுதி செய்யப்பட்டது. 2011 சனவரி 7 அன்று மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 'இபானெஸ்' வழக்கில், ஏலம் நடந்த வேளையில் அடமான உரிமை தங்களிடம் இருந்ததை இரு வங்கிகள் நிறுவத் தவறியதால், 2007 இல் நடந்த அந்த ஏலங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

விளைவுகள்

2012 பெப்ரவரியில், ஐந்து பெரிய கடன் நிர்வாக நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் கூட்டாட்சி அரசுடனும் சுமார் 2,500 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாடு செய்துகொண்டன. ஒக்லகோமா மட்டும் தனியாக உடன்பாடு கண்டது. இதன் பெரும்பகுதி கடன் குறைப்பு முதலிய சலுகைகளாகும். 2008 முதல் 2011 வரை வீடிழந்தவர்களுக்கென 150 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களுக்குத் தலா சுமார் 1,480 டாலர் கிடைத்தது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய 2011 இல் தொடங்கிய மீளாய்வு, 2013 சனவரியில் 10 நிறுவனங்களுடனான 850 கோடி டாலர் உடன்பாட்டுடன் அந்நிறுவனங்களைப் பொறுத்தவரை கைவிடப்பட்டது. எவருடைய வீடு தவறாகப் பறிக்கப்பட்டது என்ற வினாவுக்கு, இதனால் வழக்கு வாரியாக விடை காணப்படவில்லை.

தனிமனிதர்கள் குற்றவியல் தண்டனை பெற்றது மிகக் குறைவு. ஜார்ஜியா மாநிலத்தில் இயங்கிய டாக்எக்ஸ் என்னும் ஆவணத் தயாரிப்பு நிறுவனத்தின் நிறுவனர், 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆவணங்களில் போலிக் கையொப்பங்கள் இடப்பட்டது தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2013 இல் ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இவற்றையும் பார்க்கவும்

அடமானம்
பிரமாணப் பத்திரம்
2007–2008 நிதி நெருக்கடி