ஆய்மகளின் முதல்

பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகளை நாம் அறிவோம். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, பெற்ற தவசத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தால் கொள்ளாள். எருமையும் பசுவுமாகவே பெறுகிறாள். ஈட்டியதை மீண்டும் முதலாக்கும் வணிக அறிவு அது.

அவ்வறிவு நம் மகளிரிடம் குன்றியதில்லை, குன்றியது முதலே. சென்ற நூற்றாண்டில் சென்னைத் தெருக்களில் பூவும் மீனும் காய்கறியும் விற்ற பெண்டிர் பலர், காலையில் வட்டிக்கு வாங்கிய பணத்தில் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பித் தந்தனர். உழைப்பு அவர்களுடையது, பயனிற் பெரும்பங்கு வட்டிக்காரருடையது. ஈடு காட்ட ஏதுமற்ற அவர்களுக்கு வங்கியின் கதவு திறக்கவில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தோர் இலாபம் கருதாத அமைப்பினர். அகமதாபாத்தில் 1972இல் இலா பட் அவர்கள் தோற்றுவித்த 'சேவா' சங்கத்தின் மகளிர், 1974இல் தமக்கெனக் கூட்டுறவு வங்கி கண்டனர். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் அவர்கள் 'வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்னும் அமைப்பை நிறுவினார். ஒரே பகுதியில் வாழ்ந்த பெண்கள் குழுவாகி, ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். முதலில் நாட்டுடைமை வங்கிகள் வழியாகவும், 1981 முதல் தம் கூட்டுறவு அமைப்பு வழியாகவும் கடன் பெற்றனர். நிலமும் நகையும் ஈடாக நின்ற இடத்தில் தோழியின் சொல் நின்றது. 1989இல் தருமபுரியில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் குழுக்களை வளர்ப்பதிலும் தொண்டு நிறுவனங்கள் துணைநின்றன.

ஆயினும், கடன் வேறு, நலம் வேறு. 2010இல் ஆந்திரத்தில், இலாபமே நோக்காகக் கொண்ட குறுங்கடன் நிறுவனங்களின் வசூல் கொடுமையைத் தடுக்க அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. தோழமையாய்ப் பிறந்த பிணை, பிறர் கையில் தளையாயிற்று. பெண் பெயரில் வாங்கிய கடனை ஆடவர் செலவிட, அடைக்கும் சுமை மட்டும் அவளைச் சேர்ந்த இல்லங்களும் உண்டு.

ஆகவே, எத்துணைப் பேர் கடன் பெற்றனர் என்பது நலத்தின் அளவுகோல் ஆகாது. ஈட்டிய பணத்தை எதில் இடுவது என முடிவு செய்தவர் யார் என்பதே அளவுகோல். பொன் வேண்டா, எருமை வேண்டும் என்று ஆய்மகள் தானே முடிவு செய்தாள். அவ்வுரிமையைத் திருப்பித் தரும் துணையே தொண்டு எனத் தகும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள், கூடை சுமக்கும் பெண்ணின் வியர்வையை நிறையப் பாடியுள்ளனர். இனி அவள் கணக்கறிவையும் பாடுவார்களாக.