கூட்டுறவு அடுக்ககம் (நியூயார்க்)

நியூயார்க்கின் பழைய கட்டடங்களில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்குபவர் பல வேளைகளில் வீட்டை வாங்குவதே இல்லை. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அவருக்குக் கிடைப்பவை அந்நிறுவனத்தின் பங்குகளும் அவற்றோடு இணைந்த நீண்டகாலக் குத்தகையும்தான். தொழிலாளர் சங்க ஆதரவில் 1927இல் பிராங்ஸ் பகுதியில் எழுந்த அமால்கமேட்டட் குடியிருப்பு இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று. 1980களில் வாடகைக் கட்டடங்கள் பல இவ்வாறு மாற்றப்பட்டன. மாதப் பராமரிப்புத் தொகையில் சொத்துவரி, ஊழியர் சம்பளம், குளிர்காலச் சூடேற்றச் செலவு ஆகியவற்றோடு, கட்டடத்தின் பேரிலுள்ள பொதுக்கடனின் தவணையும் அடங்கும். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் சுமக்க வேண்டும். விற்பனைக்கும் உள்வாடகைக்கும் நிர்வாகக் குழு ஒப்புதல் கேட்பதன் வேர் இந்தக் கூட்டுப் பொறுப்பில்தான் இருக்கிறது. வெறும் மேட்டிமைத்தனத்தில் அல்ல.

குழுவின் அதிகாரம் பாகுபாட்டுக்கு மறைவிடம் ஆகிறது என்பது வலுவான மறுப்பு. 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் இன, மதப் பாகுபாட்டைத் தடுத்தாலும், காரணமே சொல்லாமல் விண்ணப்பத்தைத் தள்ளும் வழக்கத்தால் பாகுபாட்டை மெய்ப்பிப்பது கடினம். நல்லெண்ணத்தோடும் அதிகார வரம்புக்குள்ளும் குழு எடுக்கும் முடிவுகளில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்று நியூயார்க் உயர்நிலை நீதிமன்றம் 1990இல், லெவண்டஸ்கி வழக்கில், தீர்ப்பளித்தது. ஆயினும் விண்ணப்பதாரரின் வரவு செலவை ஆராய்வதற்குக் கூட்டுக்கடன் நியாயம் தருகிறதே ஒழிய, மறுப்பின் காரணத்தை ஒளிப்பதற்கு அல்ல. வாங்க எண்ணுவோர் வீட்டின் விலைக்கு முன்பாக நிறுவனத்தின் கணக்கறிக்கையையும் சேமநிதியையும் பார்க்க வேண்டும்.