பூசணம் பூத்தல்: தூய்மை குறித்துச் சில குறிப்புகள்

அடைமழைக் காலத்தில் கருவாட்டுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு எங்கள் கடற்கரைப் பெண்கள் சொல்வார்கள்: 'பூசணம் பூத்துட்டு.' பூசணம் 'பிடித்தது' என்பதும் உண்டு, நோய் பிடிப்பதைப் போல. ஆனால் 'பூத்தல்' என்ற வினைதான் கவனிக்கத்தக்கது. தமிழில் பூசணமும் மல்லிகையும் ஒரே வினையைப் பகிர்ந்துகொள்கின்றன. வெள்ளைப் பூசணம் போர்த்திய பாலாடைக்கட்டியின் மேல்தோலைப் பிரெஞ்சுக்காரர்களும் 'பூத்த தோல்' என்றே அழைக்கிறார்கள். அவர்கள் பூத்ததைத் தின்கிறார்கள். நாம் வெயிலில் போட்டுத் தட்டிவிடுகிறோம்.

இப்போது பாலே சேராத பாலாடைக்கட்டி வந்திருக்கிறது. முந்திரிப் பருப்பை ஊறவைத்து அரைத்து, புளிக்கவைக்கும் பாக்டீரியாவோடு 'பெனிசிலியம் கமாம்பெர்ட்டி' என்ற பூசணத்தின் வித்தையும் கலந்து, குளிர்ந்த ஈர அறையில் வைக்கிறார்கள். ஓரிரு வாரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. இதை மேற்கத்திய ஆய்வுக்கூடம் உலகுக்குத் தந்த புதுமையாகச் சொல்லும் கதையாடலைத்தான் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது. சீனர்கள் சோயாக் கட்டியின்மேல் பூசணம் வளர்த்து, உப்புநீரில் ஊறவைத்துப் பல நூற்றாண்டுகளாகத் தின்றுவருகிறார்கள். ஜாவாவில் வேகவைத்த சோயாவைப் பூசண இழைகளால் கட்டித் 'தெம்பே' செய்தார்கள். மலேசியத் தமிழர் வீடுகளில் அது இன்று சாதாரணப் பொரியல். தெம்பேக்கான வித்தைக் காப்பாற்றி வைத்தது, நம்மூர்ப் பூவரசுக்குச் சொந்தக்கார மரம் ஒன்றின் இலை. இலையின் அடிப்புறச் சுணையில் பூசணம் ஒட்டிக்கொள்ளும். காயவைத்து அடுத்த தடவைக்கு எடுத்துக்கொள்வார்கள். இதைச் செய்த கைகளுக்கு வரலாற்றில் பெயரில்லை.

பெயர் வாங்கிய வரலாறு வேறு. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து 'தூய வளர்ப்பை' உருவாக்கினார். 1906இல் அமெரிக்கரான சார்ல்ஸ் தாம் கமாம்பெர்ட்டிக்குப் பெயர் சூட்டினார். அதற்கு முன்பு கமாம்பேர் கட்டியின் தோல் நீலமும் சாம்பலுமாக, பல பூசணங்களின் கூட்டுக்குடித்தனமாக இருந்தது. சந்தைக்கு வெள்ளை பிடித்தது. நிறமற்ற ஒரு வகையைத் தேர்ந்து, அதையே படியெடுத்துப் படியெடுத்து எங்கும் பரப்பினார்கள். விளைவு? கலப்பு நின்றது, வித்து உண்டாக்கும் திறனே குன்றிப்போயிற்று. பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் 2024இல் இதைப் பகிரங்கமாக எச்சரித்தது. தூய்மை மலட்டுத்தன்மையில் வந்து நிற்கிறது.

'எங்களிடம் உறைமோர் இருக்கிறதே' என்று உடனே நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அண்டை வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்கினால் காலத்துக்கும் தயிர். விலையில்லை, உரிமையாளரில்லை. சரி, அந்தக் கரண்டி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது? சேரியிலிருந்து அக்கிரகாரத்துக்குப் போனதா? வேளாளத் தெருவுக்குப் போனதா? போகவில்லை. நம்முடைய 'பொது'வும் தெருவோடு முடிந்துபோன பொதுதான். ஆய்வுக்கூடத் தூய்மையும் சாதித் தூய்மையும் ஒன்றல்ல. முன்னது சரக்கு ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்ற வணிகக் கவலை. பின்னது மனிதர்கள் ஒரேமாதிரி ஆகிவிடக் கூடாது என்ற அச்சம். ஆனால் இரண்டுக்கும் கலப்பு என்றால் ஆகாது.

பால் சேராத கட்டியின் 'கொல்லாமை'யையும் இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியரோடு வந்த மரம். தூத்துக்குடி மக்ரூனில் ஐரோப்பியரின் பாதாமுக்குப் பதிலாக முந்திரியைப் போட்டு எங்கள் ஊர்க்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டது கலப்பின் ருசியான சாட்சி. இன்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை வ.உ.சி. துறைமுகத்தில் இறங்குகிறது. அதை உடைத்துத் தோலுரிக்கும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொட்டையின் ஓட்டிலிருக்கிற எண்ணெய் அரிக்கும் தன்மையுள்ளது. விரல்தோலைப் பொசுக்கி உரித்துவிடும். 2001இல் கட்டாயமாக்கப்பட்ட பச்சைப் புள்ளி, பொட்டலத்துக்குள் மாமிசம் இல்லை என்று சான்று சொல்லும். உரிந்துபோன விரல்களைப் பற்றி அது எதையும் சொல்லாது. பசுவின் மடியை விடுவித்ததாகச் சொல்கிறவர்கள் இந்த விரல்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கறி தின்கிற நாமும் தப்பிக்க முடியாது; பாயசத்தில் மிதக்கிறதும் அதே முந்திரிதான்.

தூத்துக்குடிக்காரனாக இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை இங்கேதான் எடுத்தார்கள். சிப்பிக்குள் ஒரு மணியை வைப்பார்கள். அது மட்டும் போதாது. வேறொரு சிப்பியின் சதையிலிருந்து நறுக்கிய துணுக்கையும் கூடவே வைத்தாக வேண்டும். அந்தத் துணுக்கு வளர்ந்துதான் மணியைச் சுற்றி முத்தைச் சுரக்கிறது. மற்றதன் சதை தனக்குள் வராத சிப்பிக்கு இந்த முத்து இல்லை. வளர்ப்பு என்றால் இதுதான். பண்பாடு என்றாலும் வேறென்ன?